வெள்ளை பூத்த சொக்கிளேற்

ஆனி, ஆடி, ஆவணியில் ஊருக்கு வரும் வெளிநாட்டு உறவுகளுக்கு இணுவிலில் இருந்து ஒரு திறந்த மடல்

அன்பான மாமாமாரே, மாமிமாரே, சித்தப்பா சித்திமாரே, அண்ணாமாரே, அக்காமாரே, அவர்களோடு வரும் மருமக்களே,

இரண்டு வருசத்துக்கு முன் ஒரு வைகாசி மாதம் பிரிட்ஜைத் துடைத்துக்கொண்டிருந்தேன். முட்டைத் தட்டுக்குப் பின்னால் ஒரு பொலித்தீன் பை அகப்பட்டது. உள்ளே ஒன்பது சொக்கிளேற்றுக் கட்டிகள். முந்தின ஆவணியில் நீங்கள் தந்துவிட்டுப் போனவை. ஒன்றின் வெள்ளித்தாளைப் பிரித்தேன். திருநீறு பூசினாற்போல் மேலெல்லாம் வெள்ளை. அம்மா எட்டிப் பார்த்தா.

"பூஞ்சணம் பிடிச்சிட்டுது பிள்ளை. கொண்டுபோய்க் கிடங்குக்குள்ள போடு."

நான் போடவில்லை. முப்பது வருசம் மனையியல் படிப்பித்தவளுக்கு அந்த வெள்ளை பூஞ்சணம் அல்ல என்று தெரியும். கொக்கோ வெண்ணெய் ஆறு விதமாகப் பளிங்காகி உறையக்கூடிய கொழுப்பு. அதில் ஐந்தாவது விதமாய் உறைந்தால்தான் மினுக்கம் வரும், முறிக்கும்போது 'டக்' என்று சத்தம் கேட்கும். அப்படி உறைந்தது 33, 34 பாகையில் உருகும். நாக்கின் சூடு 37. வாயில் வைத்ததும் கரைகிற மாயம் இவ்வளவுதான். சூரிச்சிலும் ஒஸ்லோவிலும் இந்தக் கணக்குப் பிழைக்காது. நீங்களோ கட்டுநாயக்காவில் இறங்கி, சூட்கேஸை வானின் பின்பக்கம் அடுக்கி, ஏ9 வீதியால் ஏழெட்டு மணித்தியாலம் வெயிலில் வருகிறீர்கள். மாங்குளம் தாண்டும்போது சொக்கிளேற் உள்ளுக்குள் உருகிவிடும். வீட்டுக்கு வந்ததும் நாங்கள் அதைத் தூக்கி பிரிட்ஜுக்குள் வைப்போம். அங்கே அது தாறுமாறாய் உறைந்து, கொழுப்பு மெல்ல மெல்ல மேலுக்கு வந்து வெள்ளையாகப் பூக்கும். சாப்பிட ஒரு கெடுதியும் இல்லை. பார்க்கத்தான் சகிக்காது, முறித்தால் சுண்ணாம்புக்கட்டி போல உதிரும். உருக்கினால் பழையபடி கறுத்து மினுங்கும்.

அன்று பின்வளவு வருக்கன் பலாவில் ஒரு காய் பழுத்திருந்தது. ஒன்பது கட்டியில் இரண்டை உருக்கி, பத்துச் சுளையைத் தோய்த்து பிரிட்ஜில் வைத்தேன். பூஞ்சணம் என்று சொன்ன அம்மா பின்னேரம் தேத்தண்ணியோடு மூன்று சாப்பிட்டா. எண்பத்தொரு வயது, சலரோகம் வேறு. மூன்றோடு பறித்து வைத்துவிட்டேன்.

உங்களிடம் கேட்க வந்ததை முதலே சொல்லிவிடுகிறேன். இனி வரும்போது பெட்டி பெட்டியாகப் பலவர்ணத் தாள் சுற்றிய சொக்கிளேற் வேண்டாம். ஒன்றும் கலக்காத கறுத்தக் கட்டி கொண்டு வாருங்கள். மிச்சம் எங்கள் வளவில் இருக்கிறது.

ஏன் இப்படி ஒளித்து வைத்துப் பூக்க விடுகிறீர்கள், தந்த அன்றே சாப்பிடலாமே என்று கேட்பீர்கள். உங்களில் 1990க்கு முன் வெளிக்கிட்டவர்களுக்கு இது விளங்காது. அதற்குப் பிறகு யுத்தத்தால் இங்கே மின்சாரம் இருக்கவில்லை. பொருளாதாரத் தடை. எங்கள் வீட்டு பிரிட்ஜ் உடுப்பு அலுமாரியாக இருந்தது. பிளேன்ரீக்குக் கடிக்கப் பனங்கட்டி, அதுவும் ஆளுக்கு ஒரு துண்டு. ஒருமுறை கொழும்பால் வந்த தெரிந்தவர் ஒருவர் ஒரே ஒரு கண்டோஸ் கட்டி கொண்டுவந்தார். ஐயா அதைப் பலகையில் வைத்து, சவர அலகால் பதினொரு துண்டாக வெட்டினார். பதினோராவது துண்டு பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்கு. அப்படி வளர்ந்த கை, சொக்கிளேற்றைக் கண்டதும் முதலில் ஒளித்துத்தான் வைக்கும். ஆரும் விருந்தாளி வந்தால் கொடுக்கலாம் என்று வைப்போம். வருகிற விருந்தாளி நீங்கள்தான். நீங்கள் தந்ததை உங்களுக்கே தர முடியுமா?

சொக்கிளேற் பிரிட்ஜுக்குள் இருக்க, வளவில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் நிலத்தில் விழுந்து கிடக்கும். பாதியை அணிலும் வௌவாலும் தின்னும். பலாப்பழம் வெட்டினால் நாலு வீட்டுக்குக் கொடுத்த பிறகும் மிஞ்சும். உங்கள் பிள்ளைகள் கிட்ட வரமாட்டார்கள். "மணக்குது" என்று மூக்கைப் பொத்துவார்கள். ஸ்காபரோவில் இருந்து போன வருசம் வந்த எங்கள் சின்ன மருமகள் ஒருத்தி, ஒன்பது வயது, பலாப்பழம் என்றால் வீட்டுக்கு வெளியே போய் நிற்பாள். கறுப்பாய் மினுங்கிய ஒன்றை, என்ன என்று கேட்காமலே எடுத்து வாயில் போட்டாள். கடித்தாள். நின்றாள். "இதுக்குள்ள என்ன?" என்றாள். பலாச்சுளை என்றேன். என்னைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு இன்னொன்று எடுத்தாள். மூன்றாம் நாள் தோய்க்காத சுளையையே கையால் பிய்த்துத் தின்றாள். வாய்க்கு அது ஒரு பாலம், நான் வேறொன்றும் செய்யவில்லை.

சரி, செய்முறைக்கு வருவோம். பழத்துக்கும் சொக்கிளேற்றுக்கும் இயல்பில் பகை. பழம் முழுக்கத் தண்ணீர். சொக்கிளேற்றோ ஒரு சொட்டுத் தண்ணீர் பொறுக்காது. நான் பட்டுத்தான் படித்தேன். கொதிநீர்ச் சட்டிமேல் கிண்ணம் வைத்து உருக்கிக்கொண்டிருந்தபோது மூடியைத் திறந்தேன். அதன் அடியில் நின்ற ஆவித் துளி இரண்டு உள்ளே விழுந்தன. கண்ணுக்கு முன்னாலேயே பளபளவென்று இருந்தது இறுகி, தண்ணி காணாத சீமெந்து போலக் கட்டிபட்டுவிட்டது. உள்ளே இருக்கிற சீனி அந்தத் துளியைக் குடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது, அதுதான் காரணம். இரண்டு சொட்டுக்குக் கட்டிபடுவது, அரைக் கோப்பை சுடுபால் ஊற்றினால் இளகிவிடும். ஆனால் தோய்க்க உதவாது. நான் பால் ஊற்றிக் கலக்கி, எல்லாருக்கும் குடிக்கக் கொடுத்துவிட்டேன். ஆகவே மூடி வேண்டாம், ஈரக் கரண்டி வேண்டாம், கிண்ணத்தின் அடி கொதிநீரில் படவும் வேண்டாம்.

வெளிநாட்டுக்காரர் ஏன் ஸ்ட்ரோபெரியைத் தோய்க்கிறார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். அது தோலோடு இருக்கிறது, வெட்டத் தேவையில்லை, சாறு வெளியே வராது. எங்களுக்கு ஸ்ட்ரோபெரி நுவரெலியாவில் இருந்துதான் வரவேண்டும். ஆனால் அதே குணத்தோடு எங்கள் பந்தலில் தொங்குகிறது முந்திரிகைக் குலை. (அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு: முந்திரிகை என்றால் கயூ அல்ல, திராட்சை. தமிழ்நாட்டுக் கடையில் முந்திரி கேட்டு ஏமாந்தவர்கள் எங்களில் நிறையப் பேர்.) வலிகாமத்தில் வளர்க்கிற கறுத்த முந்திரிகைக்கு இஸ்ரேல் புளூ என்று பெயர். புளிப்பும் உண்டு, விதையும் உண்டு. அந்தப் புளிப்புத்தான் இங்கே வேலை செய்கிறது. காம்போடு கழுவி, துவாயால் ஒற்றி, பானுக்குக் கீழே ஒரு மணித்தியாலம் விட்டுக் காம்பைப் பிடித்துத் தோய்த்தால் போதும். விதையைத் துப்பத் தெரியாத பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

வாழைப்பழத்துக்கு வேறு வழி. கலிபோர்னியாவில் பல்போவா தீவு என்று ஓர் இடம், அங்கே உறைய வைத்த வாழைப்பழத்தைத் தடியில் குத்திச் சொக்கிளேற்றில் தோய்த்து விற்பது பல பத்தாண்டுப் பழக்கம். எங்களுக்குத் தடி தேட வேண்டியதில்லை. தென்னோலையில் ஒரு ஈர்க்கை உருவிச் சீவி, மூன்றாய் முறித்தால் மூன்று தடி. மருதனார்மடம் சந்தையில் கதலிச் சீப்பு வாங்கும்போது நன்றாய்க் கனிந்ததை எடுக்காதீர்கள். மஞ்சள் பிடித்து, காம்படி இன்னும் பச்சையாய் இருக்கவேண்டும். உரித்து, பாதியாய் வெட்டி, ஈர்க்குக் குத்தி, எண்ணெய் பூசின தட்டில் அடுக்கி பிரீசரில் மூன்று மணித்தியாலம். பிறகு ஒவ்வொன்றாய் எடுத்து உடனே தோய்க்கவேண்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாக வெளியே எடுத்து வைத்தால் எங்கள் காற்றில் இருக்கிற ஈரம் முழுவதும் அதன்மேல் வந்து குந்திவிடும், சொக்கிளேற் வழுக்கும். தோய்த்துத் தூக்கிப் பிடியுங்கள். அடியில் ஒரு துளி தொங்கும், விழுவோமா விடுவோமா என்று நிற்கும். அதற்குள் மேல்பக்கம் மினுக்கம் மங்கி உறையத் தொடங்கிவிடும். பத்தே விநாடியில் அந்தத் துளியும் தொங்கினபடியே கல்லாகும். பள்ளிக்கூட வாசலில் ஐஸ்பழம் உறிஞ்சி வளர்ந்தவர்கள் நாங்கள். இதைக் கடிக்கும்போது அந்த வயது வரும், உடுப்பில் சொட்டும் பயமும் சேர்ந்து வரும்.

உறைவாழைக்கென்றால் 200 கிராம் கட்டிக்கு ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் விடலாம். மேலுறை மெல்லிதாகும், கடிக்கும்போது தகடு தகடாய்ப் பெயர்ந்து விழாது. ஆனால் தேங்காயெண்ணெய் 24 பாகையிலேயே உருகுகிற சாமான். எண்ணெய் விட்டதை பிரிட்ஜில் இருந்து எடுத்த கையோடு தின்றுவிடவேண்டும், ஒழுங்கை தாண்டிப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோகிற எண்ணம் கூடாது.

கொண்டுபோகவேண்டும் என்றால் பதம் பார்த்துத்தான் உருக்கவேண்டும். புத்தகங்கள் சொல்வது: கறுத்த சொக்கிளேற்றை 45 பாகைக்கு மேல் உருக்கி, 27, 28க்கு ஆறவிட்டு, மறுபடி 31, 32க்குச் சூடாக்கு. எழுதினவர் இணுவில் பக்கம் வந்ததில்லை. ஆடி மாத மத்தியானத்தில் என் குசினியே 32இல் நிற்கிறது, 27க்கு எங்கே ஆறுவது? மூன்றில் இரண்டு பங்கை உருக்கி இறக்கி, மிச்சத்தைத் துருவிக் கொஞ்சம் கொஞ்சமாய்ப் போட்டுக் கிண்டுவது நான் கண்ட வழி. துருவல் கரையக் கரைய அதுவே சூட்டை இழுக்கும், நல்ல பளிங்குக்கு வித்தும் அதுவே போடும். அதையும் விடியப்புறம் செய்கிறேன். நாலரைக்கு எழும்பி, கோயில் மணி அடிக்க முன் உருக்கி, வெயில் ஏற முன் தோய்த்து முடித்துவிடவேண்டும். புகையிலைக்கும் மிளகாய்க்கும் விடியப்புறம் எழும்பித் தண்ணி இறைத்த ஊர்தானே இது. எழும்புகிற பழக்கம் இன்னும் போகவில்லை.

யாழ்ப்பாணப் பட்டினத்தில் கேக் சாமான் கடைகளில் கட்டி கட்டியாய் 'கொம்பவுண்ட்' சொக்கிளேற் விற்கிறார்கள். கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவர எண்ணெய், பெரும்பாலும் பாம் பருப்பு எண்ணெய். பதமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், உருக்கித் தோய்த்தால் உறைந்துவிடும். பிறந்தநாள்களுக்கு ஓடர் எடுத்துச் செய்யும் பிள்ளைகள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள், அவர்களுக்கு அதுதான் கட்டும், அதில் பிழை இல்லை. எனக்கு மட்டும் மெழுகுதிரியைக் கடித்தாற்போல் இருக்கிறது. வாயின் சூட்டுக்கு அது முழுக்கக் கரையாது, அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

பலாவில் சுளை குழைகிற கூழன் உதவாது. வருக்கன்தான். சொந்த மரம் இல்லாதவர்கள் தென்மராட்சிப் பழத்துக்குச் சொல்லி வைக்கலாம். சுளையைக் கீறி விதையை எடுத்து, சுளகில் பரப்பி, மேலே மெல்லிய துணி போட்டு (ஈ விடாது) ஒரு மணித்தியாலம் காற்றாட விடுங்கள். விதை இருந்த இடத்தில் ஒரு வறுத்த கயூவையோ சின்னத் தேங்காய்ச் சொட்டையோ வைத்து மூடிப் பாதிவரை தோயுங்கள். மற்றப் பாதி மஞ்சளாய்த் தெரியட்டும். உறைய முன் மேலே ஆனையிறவு உப்பில் இரண்டு பரல். மாங்காய்க்கு உப்பும் தூளும் தொட்டுத் தின்ற வாய்க்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

கறுத்தக்கொழும்பான்தான் என்னை ஆட்டி வைத்தது. அப்படியே வெட்டித் தோய்த்தேன், சாறு ஊறிச் சொக்கிளேற் சட்டை கழற்றினாற்போல் முழுசாய்க் கழன்று விழுந்தது. உறைய வைத்துத் தோய்த்தேன், கடித்தால் ஐஸ், மாம்பழ ருசியே இல்லை. பிலிப்பைன்ஸில் மாம்பழத்தை உலர்த்தித் தோய்த்துப் பொதி செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோதுதான் என் தலையில் நானே குட்டிக்கொண்டேன். பழக்களியை உலர்த்த எங்களுக்கு ஆரும் படிப்பிக்கவேண்டுமா? அப்பாச்சி பனங்களியைப் பாயில் ஊற்றி, காயக் காய மேலே மேலே ஊற்றி, தோல் போல உரித்தெடுத்துப் பனாட்டு மடித்து வைப்பா. அதே வித்தையை மாம்பழத்துக்குச் செய்தேன். பிழிந்த களியைத் துணியால் வடித்து, எண்ணெய் தடவிய தட்டில் மெல்லிதாய் ஊற்றி, மூன்று நாள் நல்ல வெயில். நாலாம் நாள் உரித்து, விரல் அகலத்துக்கு வெட்டிக் கறுத்த சொக்கிளேற்றில் தோய்த்தேன். இத்தனை பழத்திலும் எனக்குப் பிடித்தது இதுதான். போத்தலில் போட்டு இறுக்கி மூடினால் பிரிட்ஜில் இரண்டு கிழமை நிற்கிறது. அதற்குமேல் நிற்குமோ தெரியாது, எங்கள் வீட்டில் நின்றதில்லை.

பனாட்டையும் தோய்த்துப் பார்த்தேன். பனையின் கசப்பும் கொக்கோவின் கசப்பும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. எனக்குப் பிடித்தது, வீட்டில் வேறு ஒருவருக்கும் பிடிக்கவில்லை. அன்னாசி தெற்கில் இருந்து லொறியில் வருகிற பழம், உலர்த்தினால் சரிவரும், நான் மெனக்கெடவில்லை. பப்பாப்பழத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. மேற்கு ஆபிரிக்காவில், ஐவரி கோஸ்டிலும் கானாவிலும், விளைச்சல் விழுந்து, 2024இல் ஒரு தொன் கொக்கோ 10,000 டொலரைத் தாண்டியது. அதற்கு இரண்டு வருசம் முன் 2,500 அளவில் நின்ற சாமான். எங்கள் நாட்டிலும் மாத்தளை, கண்டிப் பக்கம் கொக்கோ விளைகிறது, ஆனாலும் இங்கே நல்ல கறுத்த கட்டி ஒன்றின் விலையைப் பார்த்தால் மாம்பழமே போதும் என்று தோன்றும். 2022 ஆவணியில் அரசு 300 வகை இறக்குமதியை நிறுத்தியபோது அந்தப் பட்டியலில் சொக்கிளேற்றும் இருந்தது. அந்த வருசம் நீங்கள் கொண்டு வந்தவைதான் ஊர்ப் பிள்ளைகள் கண்ட வெளிநாட்டுச் சொக்கிளேற். அந்த நன்றியை மறந்து இதை எழுதவில்லை.

ஆனால் நீங்கள் கொண்டு வருகிற பெட்டிகளில் பாதிக்குமேல் சீனி. எங்கள் வீடுகளில் சலரோகக் குளிசை போடாத பெரியவர்கள் குறைவு. இன்னொன்று, உள்ளே பிராண்டி ஊற்றிய சொக்கிளேற்றை, நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் விரதம் இருக்கிற பெரியம்மாவுக்குக் கொடுத்துவிட்டுப் போன மகாராசனின் பெயரை நான் சொல்லமாட்டேன். பெரியம்மா இரண்டு சாப்பிட்டுவிட்டு, "நல்ல மருந்து மணமாய்க் கிடக்குது, இருமலுக்கு நல்லம்போல" என்றா.

ஆகவே கேட்பது இவ்வளவுதான். வீட்டுக்கு 200 கிராம் கட்டி ஐந்து. தாளில் கொக்கோ 60 அல்லது 70 வீதம் என்று எழுதியிருக்கவேண்டும். கடலை, வத்தல், கரமல் ஒன்றும் வேண்டாம். சொக்கிளேற்றுக்கு விடுகிற வெப்பமானி ஒன்று, எல்லாருக்குமாய்ச் சேர்த்து ஒன்று போதும், ஒழுங்கைக்குள் மாறி மாறிப் பாவிப்போம். பட்டர் பேப்பர் சுருள் இடம் இருந்தால். இவற்றோடு ஒரு விடியப்புறத்தையும் எங்களுக்குத் தாருங்கள். கோயிலுக்கும் கீரிமலைக்கும் கசூரினாக் கடற்கரைக்கும் ஓடுகிற அவசரத்தில் ஒரு நாள் நாலரைக்கு எழும்பிக் குசினிக்கு வாருங்கள், பிள்ளைகளையும் எழுப்பிக்கொண்டு. மூத்தவர்கள் சுளை கீறலாம், பிள்ளைகள் தோய்க்கலாம், மாமாமார் தோய்த்தவற்றை எண்ணுகிறோம் என்று சொல்லித் தின்னலாம்.

திகதி குறிக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். கறுத்தக்கொழும்பான் ஆடியோடு முடிந்துவிடும், ஆவணியில் வருகிறவர்களுக்கு நான் உலர்த்தி வைத்ததுதான். பின்வளவு வருக்கனில் இப்போது பதினான்கு காய் நிற்கிறது. ஈர்க்குச் சீவி ஒரு கட்டு வைத்துவிட்டேன். கட்டிகளைச் சூட்கேஸில் வையாதீர்கள், கைப்பையில் வைத்து, வானுக்குள் ஏசி படுகிற இடத்தில் மடியில் வைத்துக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
இணுவிலில் இருந்து
உங்கள் உறவுக்காரி ஒருத்தி